அலசு தண்ணீரில் போகும் நிக்கல்

நிக்கல் முலாம் பூசும் பட்டறையில் கழிவு எங்கே பிறக்கிறது என்று தெரிய, தொட்டியிலிருந்து, பொருள்களை மாட்டியிருக்கும் சட்டமான ரேக்கைத் தூக்கும் அந்தச் சில நொடிகளைப் பார்த்தாலே போதும். பொருள்மேல் படலமாக ஒட்டியும் துளைகளில் தேங்கியும் கரைசல் கூடவே கிளம்பிவிடும். அலசியதும் அது கழிவுநீர். காசு கொடுத்து வாங்கிய நிக்கலை வெளியேற்ற மறுபடியும் காசு செலவு!

எவ்வளவு போகிறது என்பதை முதலில் அளந்துவிடுங்கள். உப்பு நீக்கிய தண்ணீர் 1 லிட்டரில் 10 மில்லி முலாம் கரைசல் இருக்கும்படி கலந்து, அதன் மின்கடத்துதிறனைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஓட்டமில்லாத தொட்டியொன்றில் கரைசல் கலக்காத, உப்பு நீக்கிய தண்ணீரை மட்டும் 100 லிட்டர் நிரப்பி, முலாம் தொட்டியிலிருந்து வரும் ரேக்குகளை நேராக அதில் முக்குங்கள். வெப்பநிலை இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். குறித்துவைத்த மின்கடத்துதிறனைத் தொட்டித் தண்ணீர் எட்டும்போது சுமார் 1 லிட்டர் கரைசல் வந்து சேர்ந்திருக்கும். அதற்குள் 20 ரேக் முக்கியிருந்தால் ரேக்குக்கு 50 மில்லி. நாளுக்கு 200 ரேக் என்றால் 10 லிட்டர். லிட்டருக்கு 70 கிராம் நிக்கல் உள்ள கரைசலில் அது 700 கிராம் உலோகம்.

இதில் பெரும்பங்கை நிறுத்தச் செலவே இல்லை. மெதுவாகத் தூக்கி, தொட்டிக்கு மேலேயே 10 நொடி சொட்ட விடுங்கள். தட்டையான பொருளின் கீழ்விளிம்பு படுக்கையாக இல்லாமல், ஒரு மூலை தாழ்ந்திருக்கும்படி மாட்டுங்கள். கிண்ணம் போன்ற பொருள்தான் தொல்லை: நிமிர்த்தி மாட்டினால் கரைசலை அள்ளி வரும், கவிழ்த்தால் உள்ளே காற்று சிக்கி அந்த இடத்தில் முலாம் ஏறாது. சாய்த்து மாட்டுவதே வழி. நிக்கலுக்குப் பிறகு குரோமியம் பூசுவதாக இருந்தால் சொட்ட விடும் ஆர்வத்தில் காயவிட்டுவிடாதீர்கள். நிக்கல்மேல் ஆக்சைடு படலம் உண்டாகி, அடுத்த பூச்சு பிடிக்காது.

அடுத்தது தண்ணீர். துணியை ஒரே வாளியில் அலசுவதைவிட மூன்று வாளியில் அலசினால் குறைந்த தண்ணீரில் சோப்பு போய்விடும் அல்லவா, அதே கணக்குதான். ஒட்டிவந்த கரைசலை 1000 மடங்கு நீர்க்கச் செய்ய, ஒரே ஓடும் தொட்டியில் லிட்டருக்கு 1000 லிட்டர் வேண்டும். தண்ணீர் பொருளுக்கு எதிர்த்திசையில் போகும்படி இரண்டு தொட்டி வைத்தால் சுமார் 32 லிட்டர். மூன்று வைத்தால் 10. அதாவது 1000-இன் வர்க்கமூலமும் கனமூலமும். கடைசித் தொட்டியைச் சில சென்டிமீட்டர் உயர்த்திவிட்டால் பம்ப் தேவையில்லை. புதுத் தண்ணீர் ஒரு பக்கம் அடியில் நுழைந்து, மறுபக்கம் மேலே வழிய வேண்டும். நுழைவும் வழிவும் ஒரே பக்கம் இருந்தால் தண்ணீர் குறுக்கே ஓடிவிடும், தொட்டி கலங்கியபடியே கிடக்கும்.

55–60 டிகிரி செல்சியஸில் ஓடும் நிக்கல் தொட்டி நாள் முழுக்க ஆவியாகிக்கொண்டே இருக்கும். மாலையில் மட்டம் எத்தனை லிட்டர் இறங்கியிருக்கிறதோ, அத்தனை லிட்டரை முதல் அலசு தொட்டியிலிருந்து வடிகட்டித் திருப்பி ஊற்றலாம். நிக்கலும் திரும்பும், தண்ணீரும் மிஞ்சும்.

சிக்கல் இங்கேதான் தொடங்கும். இதுவரை கரைசலோடு அழுக்கும் வெளியேறிக்கொண்டிருந்தது. இனி எல்லாம் உள்ளேயே சேரும். குழாய்த் தண்ணீரில் அலசினால் அதன் கால்சியம் முலாம் தொட்டிக்குள் குவியும். லிட்டருக்கு அரை கிராமைத் தாண்டினால் கால்சியம் சல்பேட் ஊசியாகப் படிந்து பூச்சு சொரசொரக்கும். அதனால்தான் உப்பு நீக்கிய தண்ணீர். செம்பு சேர்ந்தால் குறைந்த மின்னோட்டம் படும் பள்ளங்களில் கருமை தெரியும். பொருளுக்குப் பதில் நெளிந்த தகட்டை முலாம் தொட்டியில் தொங்கவிட்டு, சதுர டெசிமீட்டருக்கு 0.2–0.5 ஆம்பியரில் சில மணி நேரம் ஓட்டினால் செம்பு தகட்டில் ஏறிவிடும். பூச்சு மின்னக் கரைசலில் சேர்க்கும் பளபளப்பு மருந்தின் சிதைபொருளுக்கு ஆக்டிவேட்டட் கார்பன் வடிகட்டி. அதில் நல்ல மருந்தும் கொஞ்சம் போகும் என்பதால் பிறகு அளவு பார்த்துச் சேர்க்க வேண்டும்.

ஒவ்வொரு முலாமின் அலசு தண்ணீரும் தனித்தனிக் குழாயில் போகட்டும். சயனைடு தொட்டியின் அலசல் அமிலத்தோடு கலந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். அது உயிரைக் கொல்லும்.