"நான் பசிக்கிறேன்" என்று குழந்தை சொன்னால்

மூன்றரை வயதுச் சிறுமி. "அம்மா, நான் பசிக்கிறேன்" என்றாள். அம்மா பதறிப்போய், "எனக்குப் பசிக்கிறது என்று சொல்" எனப் பத்து முறை சொல்லவைத்தார். பிறகு அன்று முழுவதும் குழந்தை வாய் திறக்கவில்லை. பேச்சுப் பயிற்சியாளரான நான் இதைப் போலப் பல குழந்தைகளைப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது. தவறு என்று திருத்தப்பட்ட அந்த வாக்கியம்தானே அவள் மூளை நன்றாக வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி!

"நான் பசிக்கிறேன்" என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்லியும் பாராட்டுப் பெற்றுமே குழந்தை மொழி பழகுகிறது என்ற நோக்கில் 1957இல் உளவியலாளர் ஸ்கின்னர் எழுதினார். அப்படியானால், கேட்டேயிராத வாக்கியம் எங்கிருந்து வந்தது? நான் வருகிறேன், நான் குடிக்கிறேன், நான் தூங்குகிறேன் என்பவற்றிலிருந்து ஒரு விதியைத் தானே கண்டெடுத்துப் பசித்தலுக்கும் பொருத்தியிருக்கிறாள். பசித்தல், பிடித்தல், வலித்தல் போன்றவற்றுக்கு 'நான்' அல்ல, 'எனக்கு' வர வேண்டும் என்ற நுட்பம் அவளுக்குச் சற்றுப் பின்னால் வரும்.

1959இல் ஸ்கின்னரைக் கடுமையாக மறுத்த மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி, இலக்கணத்துக்கான அடித்தளம் பிறவியிலேயே அமைந்தது என்று வாதிட்டார். உளவியலாளர் மைக்கேல் டொமசெல்லோ அதை ஏற்கவில்லை. குழந்தை முதலில் ஒவ்வொரு வினைச்சொல்லையும் தனித்தனியாகவே கையாளுகிறது, எதிரே இருப்பவரின் எண்ணத்தை ஊகித்தும் ஒப்புமை கண்டும்தான் பொது விதிக்கு மெல்ல வந்து சேர்கிறது என்பது அவர் கருத்து. வழக்கு இன்னும் முடியவில்லை. என் பயிற்சி அறையில் எனக்குக் கைகொடுப்பது டொமசெல்லோதான். ஒரே வினைச்சொல்லை நான், நீ, தம்பி எனப் பல ஆட்களோடு சேர்த்து விளையாட்டில் காதில் போட்டால், குழந்தை பற்றிக்கொள்வதைக் கண்ணால் பார்க்கிறேன்.

பெற்றோர் பெரும்பாலும் இலக்கணத்தை அல்ல, சொன்னது உண்மையா என்பதையே கவனித்துப் பதில் சொல்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் ரோஜர் பிரவுனும் கமில் ஹான்லனும் 1970இல் காட்டினார்கள். அவர்கள் ஆராய்ந்த அமெரிக்கக் குழந்தைகள் அப்படியும் இலக்கணம் கற்றுக்கொண்டார்கள்.

ஆகவே அந்த அம்மாவிடம் சொன்னேன்: "திருப்பிச் சொல்லச் சொல்லாதீர்கள். பதில் சொல்லுங்கள். 'உனக்குப் பசிக்கிறதா? எனக்கும் பசிக்கிறது. தம்பிக்குப் பசிக்குமா, கேட்போமா?' போதும், சோற்றைப் போடுங்கள்."

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. இரண்டு வயது முடிந்தும் "அப்பா வா" போல இரு சொற்களைச் சேர்க்காத குழந்தையையும், பேசிவந்த சொற்களை இழக்கும் குழந்தையையும் தாமதிக்காமல் அழைத்து வாருங்கள். முதலில் காது கேட்கிறதா என்று சோதிப்போம்.