எண்ணெய்க்கு அடியில் தங்கிய நீர்

வீட்டு மின்சாதனங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். அண்மையில் ஒருவர் எண்ணெயில் பொரிக்கும் தம் எலெக்ட்ரிக் ஃப்ரையரைக் கொண்டுவந்து, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டது போலிருக்கிறது, எண்ணெய் பொங்கி அடுப்படி முழுவதும் தெறித்துவிட்டது என்றார். சோதித்துப் பார்த்ததில் தெர்மோஸ்டாட்டில் ஒரு குறையும் இல்லை. எண்ணெய்த் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று கேட்டேன். அன்று காலையில்தான் கழுவியதாகவும், சற்று நேரம் கவிழ்த்து வைத்துவிட்டு எண்ணெய் ஊற்றியதாகவும் சொன்னார். பழுது அங்கேதான் இருந்தது.

நீர் எண்ணெயைவிட அடர்த்தி மிக்கது என்பதால், ஒரு கரண்டி அளவு மிஞ்சியிருந்தாலும் அது எண்ணெய்க்கு அடியில் போய்த் தங்கிவிடும். மேலே எண்ணெய் அமைதியாகச் சூடேறிக்கொண்டிருக்கும்போதே, கீழே இருக்கும் நீர் 100 டிகிரி செல்சியஸைக் கடந்து ஏறக்குறைய 1,700 மடங்கு பருமனுள்ள ஆவியாக விரியும். வெளியேற வழி தேடும் அந்த ஆவி, தன்மேல் இருக்கும் எண்ணெயையும் சேர்த்தே தூக்கியெறியும். ஆகவே, கழுவிய தொட்டியைத் துணியால் துடைத்த பிறகும் சில மணி நேரம் காயவிட வேண்டும். எண்ணெயைச் சூடாக்கும் கம்பியான எலிமென்ட் வளைந்து திரும்பும் இடங்களில்தான் நீர் ஒளிந்துகொள்ளும். எலிமென்ட்டும் மின் இணைப்பும் உள்ள பகுதியை எக்காரணம் கொண்டும் நீரில் அமிழ்த்தக் கூடாது.

உணவோடு உள்ளே போகும் நீருக்கும் இதே கணக்குதான். ஊறவைத்த உருளைக்கிழங்குத் துண்டுகளைத் துணியில் பரப்பி ஈரம் ஒற்றியெடுத்த பின்னரே கூடையில் இடவேண்டும். உறைந்த உணவாக இருந்தால் ஒட்டியிருக்கும் பனித்துகளை முதலில் உதறிவிட வேண்டும். கூடையைப் பாதிக்குமேல் நிரப்பாமல், மெல்ல இறக்கி, நுரை எழும்பினால் உடனே தூக்கிக்கொள்வது நல்லது. எண்ணெய் தொட்டியில் குறித்திருக்கும் மேல்கோட்டைத் தாண்டினால் பொங்கி வழியும். கீழ்க்கோட்டுக்குக் குறைந்தால் எலிமென்ட் வெளியே தெரிந்து, எண்ணெய் தீப்பற்றவும் இடமுண்டு.

பொரியல் மொறுமொறுப்பாக வருவதற்கும் அந்த நீராவியே காரணம். துண்டுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே வந்துகொண்டிருக்கும்வரை எண்ணெய் எளிதில் உள்ளே நுழைவதில்லை. ஒரே நேரத்தில் நிறையப் போட்டால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கும். பொரியல் வதங்கி, எண்ணெய் குடித்து வரும். அப்போது பலரும் குமிழைத் திருப்பிச் சூட்டைக் கூட்டுகிறார்கள்; போடும் அளவைக் குறைத்திருந்தாலே போதுமானது. பெரும்பாலான உணவுக்கு 170 முதல் 180 டிகிரி சரியாக இருக்கும். உருளைக்கிழங்கு கருஞ்சிவப்பாக மாற மாற அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் கூடும் என்பதால், பொன்னிறத்திலேயே எடுத்துவிடுங்கள். கோழித்துண்டுக்கு மட்டும் நிறத்தை நம்பக் கூடாது. அதன் தடித்த பகுதியின் நடுவில் 74 டிகிரி வந்திருக்கிறதா என்று உணவு வெப்பமானியால் பார்க்க வேண்டும்.

என் மேசைக்கு வருபவற்றில் எனக்கு உண்மையாகவே அச்சம் தருவது வேறொன்று. எண்ணெய் அளவுமீறிச் சூடேறினால் மின்சாரத்தைத் துண்டிக்க ஃப்ரையரில் ஒரு தனிக் காப்பு உண்டு. "அடிக்கடி அணைந்துபோகிறது" என்பதற்காக யாரோ அந்தக் காப்பின் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டிருந்த ஃப்ரையரைத் திறந்து பார்த்திருக்கிறேன். அணைந்துபோவது பழுதன்று; எங்கோ பழுது இருக்கிறது என்ற அறிவிப்பு. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு அணையாமல் போனால், அந்தக் காப்பும் இல்லாத நிலையில் எண்ணெய் புகையும் சூட்டைத் தாண்டிச் சென்று, வெளிச்சுடர் ஏதும் இல்லாமலே தானாகப் பற்றிக்கொள்ளும்.

2,000 வாட் ஃப்ரையர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் அதைத் தாங்காது. நேராகச் சுவர்ப் பிளக்கில்தான் மாட்ட வேண்டும். வயர் மேசை விளிம்பில் தொங்கக் கூடாது, குழந்தை ஒருமுறை இழுத்தால் போதும்.

தீப்பிடித்தால் நீரை ஊற்றாதீர்கள், ஃப்ரையரைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடாதீர்கள். கைக்கு ஆபத்தில்லாமல் எட்டுமானால் மின்சாரத்தைத் துண்டித்து உலோக மூடியால் மூடுங்கள். இயலாவிட்டால் கதவைச் சாத்திவிட்டு வெளியேறி, தீயணைப்புத் துறையை அழையுங்கள். எண்ணெய் தோலில் பட்டுவிட்டால் மட்டும் நீர்தான் முதலுதவி: மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, 20 நிமிடம் குளிர்ந்த ஓடும் நீரில் காட்ட வேண்டும். பனிக்கட்டியும் பற்பசையும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகத்திலோ கையிலோ பட்டிருந்தாலோ மருத்துவரிடம் செல்லுங்கள்.

அன்று வந்தவரின் ஃப்ரையரில் ஒரு திருகுகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. எலிமென்ட் வளைவுகளைத் துடைப்பதற்கு ஒரு பழைய பருத்தித் துணியைத் தொட்டிக்குள் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.