எம்.எஸ்சி. முடித்தவர்களுக்கு மாதம் 37,000 ரூபாய்: ஜே.ஆர்.எஃப். விவரம்

பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி படித்தவர்கள் லைஃப் சயின்சஸ் தாளிலும், அனலிட்டிகல் கெமிஸ்ட்ரி படித்தவர்கள் கெமிக்கல் சயின்சஸ் தாளிலும் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வை எழுதலாம். எம்.எஸ்சி.யில் 55 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 50. இறுதியாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம்.

இந்தத் தேர்வின் வழியாக ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய். அதன்பின் மதிப்பீட்டுக் குழு உங்கள் ஆய்வைப் பார்த்து ஏற்றால் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. ஆனால் விடுதியில் தங்கினால் அது கிடையாது.

லைஃப் சயின்சஸ் தாள் 3 மணி நேரம், 200 மதிப்பெண். அதில் சரிபாதி சி பகுதிக்கு: 75 கேள்விகளில் 25 எழுதினால் போதும், ஒன்றுக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்குக் கால்பங்கு கழியும். எனவே எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பதைவிட, தெரிந்த பாடங்களை ஆழமாகப் படிப்பதே லாபம்.

நம்மூர்ப் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது சான்றிதழில். மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் இந்தத் தேர்வின் இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர் சான்றிதழ் (இதர பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவில் வராதவர் என்பதற்கானது) வேண்டும். இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தால் தாசில்தார் தருவார். மாநிலப் பட்டியலில் உள்ள சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் இந்தக் கணக்கில் சேராது. அவர்கள் அரசுப் பணியில் வகிக்கும் பதவி தனியே பார்க்கப்படும். திருமணமான பெண்களுக்கும் பெற்றோர் நிலைதான் கணக்கு, கணவருடையது அல்ல. பழைய சான்றிதழை நம்பாமல் புதிதாக வாங்கிவிடுங்கள்.

தேர்ச்சி பெற்றாலே பிஎச்.டி. இடம் கிடைத்ததாக ஆகாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறைகள், கண் நோய் ஆய்வுக்கு அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், மின்வேதியியலுக்குக் காரைக்குடி செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) என்று பக்கத்திலேயே இடங்கள் உண்டு. ஆனால் யு.ஜி.சி. விதிப்படி ஒரே சமயத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் வழிகாட்ட முடியாது. ஓய்வுக்கு மூன்று ஆண்டுகூட இல்லாதவர் புதிய மாணவரைச் சேர்க்கவும் முடியாது. ஆகவே ஆய்வுத் தலைப்பைப் பேசுமுன் காலியிடத்தையும் ஓய்வு பெறும் ஆண்டையும் கேட்டுவிடுங்கள்.