குருவிக்கு மட்டும் சிலி பாடி மிளகா ஏன் உறைக்கல?

பக்கத்து வீட்டு அக்கா போன வாரம் வேலி ஓரமா நின்னுக்கிட்டு, "தம்பி, சிலி பாடி பழுத்தா போதும், இந்த மெர்பா குருவி வந்து முழுங்கிட்டுப் போயிடுது, அதுக்கு வாய் எரியாதா?"ன்னு கேட்டாங்க. எரியாது. ரம்புத்தான விட்டு வைக்காத அணில் கூட அந்தச் செடி பக்கம் வரலன்னு அவங்களே சொன்னாங்க, அதுலயே பாதி பதில் இருக்கு.

செடி வளர்க்குறது பெரிய வித்தை இல்ல, நல்ல வெயில், தண்ணி தேங்காத தொட்டி, பினாங்குல அது பாட்டுக்கு காய்க்கும். காரம் விதையிலன்னு நினைக்கிறாங்க, ஆனா விதை ஒட்டிக்கிட்டு இருக்குற வெள்ளை சதையிலதான் உறைப்பு தர்ற கேப்சைசின்ங்குற பொருள் ஊறுது.

எனக்குப் பிடிச்ச இடம் இனிமேதான். அறுசுவையில காரத்தையும் சேத்துட்டோம், ஆனா நாக்குல அதுக்குன்னு சுவை மொட்டே கிடையாது. நரம்பு நுனியில டிஆர்பிவி1னு ஒரு புரதம், கதவு மாதிரி, சுமார் 43 டிகிரிக்கு மேல சூடு பட்டா திறந்து "சுடுது"ன்னு மூளைக்குச் சொல்லும். கேப்சைசின் போய் அதுல ஒட்டிக்கிட்டா சூடே இல்லாம கதவு திறந்துக்கும், அதுவும் போதாதுன்னு, எவ்ளோ சூட்டுக்கு திறக்கணுங்குற அளவையும் கீழ இறக்கி விட்டுடும், அதனாலதான் சிலி பாடி கடிச்ச வாயில சூடா தே தாரிக் டீ ஊத்துனா உயிரே போற மாதிரி இருக்கு. குருவிக்கும் அதே புரதம் இருக்கு, சூடு உறைக்கும், ஆனா கேப்சைசின் ஒட்டுற இடம் கொஞ்சம் வேற மாதிரி, அதனால மிளகா உறைக்காது. செடிக்கு இதுல என்ன லாபம்? எலி, அணில் எல்லாம் விதைய பல்லால நொறுக்கிடும், குருவிக்கு பல்லே இல்ல, முழுசா முழுங்கி வேற எங்கயோ எச்சத்துல போட்டுடும்.

இந்தக் கதவ 1997ல கண்டுபிடிச்சது அமெரிக்காவுல டேவிட் ஜூலியஸ் குழு, 2021ல அவருக்கு நோபல் பரிசும் கிடைச்சது. மிளகா ஏன் உறைக்குதுன்னு ஆராய காசு குடுங்கன்னு இங்க யாராவது கேட்டா சிரிச்சே அனுப்பிடுவாங்கன்னு எனக்குத் தோணுது.

எங்க பாட்டி காஞ்ச மிளகா சுத்திப் போட்டு, நெடி வரலன்னா கண்ணு பட்டிருக்குன்னு சொல்வாங்க. நெடிங்குறதே புகையோட வர்ற கேப்சைசின்தான் பாட்டி, மிளகா பழசா இருக்கும்னு சொன்னா அடிதான் விழும்.

வலை கட்டவான்னு அக்கா கேட்டாங்க. கட்டுங்க, ஆனா பின்னாடி கால்வாய் ஓரத்துல ஒரு சிலி பாடி செடி காய்ச்சு நிக்குதே, அத யாரு நட்டாங்கன்னு அவங்க இன்னும் கேக்கல.