வில்லைத்தொகைப் படம்

ஏற்காடு ஏரிக்கரைக் கடையில் ஒரு சாமி படம் வாங்கினேன். நேராகப் பார்த்தால் முருகன், சாய்த்தால் பிள்ளையார். நகத்தால் கீறினால் 'கிர்ர்' என்கிறது. மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தகட்டில் நெருக்கமாக ஓடும் வரிகள்தான் காரணம். ஒவ்வொரு வரியும் ஒரு நீள லென்ஸ். வரிக்குப் பதிலாகத் தட்டானின் கண்போலக் குட்டிக் குட்டி லென்ஸ்களை நிறையப் பதித்தால், அது 'இன்டெக்ரல் இமேஜிங்'.

இதை 1908 மார்ச்சில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் முன்வைத்தவர் இயற்பியலாளர் காப்ரியேல் லிப்மன். அதே ஆண்டு அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது, ஆனால் வண்ணப் புகைப்படத்துக்காக.

சேலத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் விஷயம் பாதி புரிந்துவிடும். பக்கத்துச் சில்வர் ஓக் மரங்கள் விர்ரென்று பின்னால் போகும். கீழே சேலம் அசையாமல் கிடக்கும். பள்ளிப் பாடத்தில் இது 'இடமாறு தோற்றப் பிழை'. அளவுகோலைப் படிக்கும்போது பிழைதான், சரி; தூரம் தெரிவதே இதனால் என்றால் பிழை என்பானேன்? ஒவ்வொரு குட்டி லென்ஸும் தான் இருக்கும் இடத்திலிருந்து, சற்றே வேறான ஒரு படத்தைப் பதிவுசெய்கிறது. அதே லென்ஸ்கள் வழியாகத் திரும்ப ஒளி பாய்ச்சினால், கதிர்கள் வந்த வழியே போய்ப் பொருள் இருந்த இடத்தில் கூடும். 3D கண்ணாடி மாட்டாமலே, தலையை அசைத்து அசைத்து முப்பரிமாணமாகப் பார்க்கலாம். ஒரு சிக்கல்: அப்படிப் பார்க்கும்போது முன்னது பின்னதாகத் தெரியும். 1931-ல் அமெரிக்க இயற்பியலாளர் ஹெர்பர்ட் ஐவ்ஸ் படத்தையே மறுபடி படமெடுத்து அதைச் சரிசெய்யும் வழி சொன்னார்.

இனி, இன்டெக்ரல் இமேஜிங்குக்குத் தமிழில் ஒரு பெயர். லத்தீனில் 'லென்ஸ்' என்றால் மைசூர்ப் பருப்பு. தோலோடு ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், நடுவில் உப்பி ஓரம் மெலிந்திருக்கும். நம் பாடநூல்களில் லென்சு, ஈழத்தில் வில்லை. சேலம் கடைவீதியில் கற்பூர வில்லை கேட்டு வாங்குகிறோமே, அதே வில்லை.

'இன்டெக்ரல்' வந்தது லத்தீன் 'இன்டெகெர்' என்பதிலிருந்து; அப்படியென்றால் தொடப்படாதது, முழுசு. 'ஒருங்கிணைந்த படமாக்கம்' என்றால் அரசுத் திட்டம் மாதிரி இருக்கிறது. 'முழுப்படம்' என்றால் தியேட்டருக்குப் போய்விடும். கணக்கில் இன்டெக்ரல் என்பதற்குத் தொகை என்கிறோம். எட்டுத்தொகையிலும் அதே தொகைதான், பலவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியது. அதனால் என் ஓட்டு வில்லைத்தொகைப் படத்துக்கு. லென்ஸ் அடுக்கை 'வில்லை அணி' எனலாம். வரிசை என்றால் ஒரே கோடாகிவிடும்.

என் முருகன் படத்துக்கு இந்தப் பெயர் பொருந்தாது. வரிகளுக்குக் குறுக்காகச் சாய்த்தால்தான் மாறும், வேறு பக்கம் திருப்பினால் அப்படியே நிற்கும். வரிவில்லைப் படம் என்று வைத்துக்கொண்டேன். கடைக்காரருக்கு அது வெறும் 'மாறுற படம்'.