அரசு மாத்திரை கேட்குமா?

சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கிச் செல்வோரில் சிலர், அதை வீட்டில் போட்டுவிட்டு, அதே மருந்தை வெளிக்கடையில் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுவதைப் புறநோயாளிப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர்கள் அறிவோம். காரணம் கேட்டால், "கவர்மெண்ட் மாத்திரை கேக்க மாட்டேங்குது டாக்டர்" என்பார்கள். சர்க்கரை மாத்திரையையே எடுத்துக்கொண்டால், இரண்டு அட்டையிலும் இருப்பது 500 மில்லிகிராம் மெட்ஃபார்மின் என்ற ஒரே மருந்துதான்.

1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், தான் கொள்முதல் செய்யும் மருந்துகளில் ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதித்த பிறகே மருத்துவமனைகளுக்கு அனுப்பும் முறையை வைத்திருக்கிறது. நோயாளியின் கண்ணில் அந்தச் சோதனை படுவதில்லை. நீண்ட வரிசையும், மருந்து கொடுக்கும் சன்னலும், முகம் பார்க்காமல் "அடுத்த ஆள்" என்று அழைக்கும் குரலும்தான் படுகின்றன. கொடுக்கும் விதத்தில் மரியாதை இல்லாதபோது, கொடுக்கப்படும் பொருளிலும் தரம் இருக்காது என்று அவர் முடிவு செய்துவிடுகிறார். இதை அறியாமை என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. உள்ளே நடப்பதைச் சோதித்துப் பார்க்க வழியில்லாத எவரும் கண்ணுக்குத் தெரிவதை வைத்துத்தான் எடைபோடுவார்கள்.

அதே கணக்கு தனியார் மருத்துவமனையில் வேறு விதமாக வேலை செய்கிறது. காய்ச்சலோடு வருபவர் 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும்' என்று நம்புகிறார். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் எனப்படும் அந்தக் குளுக்கோஸ் கரைசல் 500 மில்லியில் இருப்பது 25 கிராம் சர்க்கரை மட்டுமே. வாயால் குடிக்க முடிந்தவருக்குக் கஞ்சியே போதும். ஆயினும் ஊசி போடாமல் அனுப்பும் மருத்துவர் 'சரியாகப் பார்க்கவில்லை' என்றும், வைரஸ் காய்ச்சலுக்குத் தேவையற்ற ஆன்டிபயாடிக் எழுதுபவர் 'கைராசிக்காரர்' என்றும் பெயர் எடுக்கிறார்கள்.

67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் ஒரு நோயாளிக்கு மருத்துவர் தரும் நேரம் ஏறத்தாழ 2 நிமிடம் என்கிறது. கூட்டம் நிரம்பிய புறநோயாளிப் பிரிவில் அதைப் பத்து நிமிடமாக்குவது தனி ஒரு மருத்துவரின் கையில் இல்லை. ஆனால் அந்த 2 நிமிடத்திலும் நோயாளியின் முகத்தைப் பார்த்து, "மருந்து வாங்கும் கம்பெனி மாறியதால் மாத்திரையின் நிறம் மாறியிருக்கிறது, மருந்து அதேதான்" என்று சொல்ல இடமிருக்கிறது. அந்த ஒரு வாக்கியம் சொல்லப்படாததால், நிறம் வேறு என்பதற்காக அரசு மாத்திரையையும் கடை மாத்திரையையும் இரு வேறு மருந்துகளாக எண்ணிச் சேர்த்து விழுங்குவோர் உண்டு. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளில் இப்படி நேர்ந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். முதியவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் இது உயிருக்கே கேடாகலாம்.

எனவே, அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், எங்கே வாங்கியவையாக இருந்தாலும், ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். ஒவ்வொன்றின் பெயரையும், அது எதற்கு என்பதையும் தயங்காமல் கேளுங்கள்.