நிழலோடு சேர்ந்த பூ அலங்காரம்

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கோந்த் விடுதியைக் கடக்கும்போதெல்லாம் மதிலுக்கு மேலே தெரியும் அந்தப் பலகை அடுக்குகளைப் பார்த்து நின்றுவிடுவேன். ஜப்பானில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் 1930களில் வடிவமைத்த கான்கிரீட் கட்டடம் அது. அதன் வடக்கு, தெற்கு முகங்களில் கெட்டிச் சுவருக்குப் பதிலாகத் திருப்பி மூடக்கூடிய கிடைமட்டப் பலகைகள் வரிசையாக இருக்கின்றன. சிற்பமோ பூவேலையோ கிடையாது. நிழல்தான் அதன் அலங்காரம்.

வடக்கிலும் ஏன் பலகைகள்? புதுச்சேரி ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி கடக்கும்வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. பலகையின் அகலமும் இரண்டு பலகைகளுக்கு இடையிலான உயரமும் சமமாக இருந்தால், 45 பாகைக்கு மேலிருந்து நேரே விழும் வெயில் உள்ளே நுழையாது. டிசம்பரில்கூட நண்பகல் சூரியன் சுமார் 55 பாகை உயரத்தில் இருக்கும். காற்று மட்டும் தாராளமாக வரும்.

தங்கை மகளின் நிச்சயதார்த்த விருந்து மேசைக்கு இதே கணக்கைப் பயன்படுத்தினேன். ஒரு சாண் உயர வாழைத்தண்டுத் துண்டுகள் இரண்டை எதிரெதிரே நிறுத்தி, 3 செ.மீ.க்கு ஒன்றாகக் கீறல் போட்டு, 3 செ.மீ. அகலப் பனையோலைகளைப் படுக்கை வாட்டில் செருகினேன். பின்னால் கண்ணாடிக் குவளைகளில் தண்டோடு சம்பங்கி. வேறு பூவே வேண்டாம். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவதில்தான் அந்தக் கட்டடத்தின் அழகு இருக்கிறது.

முதலில் வெள்ளை விரிப்பில் நிழலே விழவில்லை. காரணம் டியூப்லைட். அது ஓலைகளுக்குக் குறுக்காக இருந்ததால், நான்கடி நீள விளக்கின் ஒவ்வொரு புள்ளியும் நிழலைச் சற்றுத் தள்ளித் தள்ளிப் போட்டது. எல்லாம் கலந்து மங்கிவிட்டது. மேசையைத் திருப்பி, ஓலைகளை விளக்குக்கு இணையாக வைத்தேன். இப்போது நிழல்கள் நீளவாட்டில் மட்டுமே நகர்ந்து ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. ஓலையைப் பொறுத்தவரை விளக்கின் தடிமன் மட்டுமே கணக்கு: இரண்டரை செ.மீ. இரண்டு மீட்டர் தள்ளியிருந்து பார்த்தால் அது வானத்துச் சூரியனின் அகலத்துக்குப் பக்கத்தில் வருகிறது. வரிவரியாக நிழல் விழுந்தபோது எனக்குக் கோல்கோந்தே நினைவுக்கு வந்தது. விளக்கு மேசைக்கு நேர் மேலே இருக்கக் கூடாது. ஓலைகளுக்கு இடையே ஒளி நுழைய, அது 45 பாகைக்குக் கீழே, தள்ளியிருக்க வேண்டும்.

ஓர் இடத்தில் மட்டும் கட்டடத்துக்கு எதிராகப் போக வேண்டும். மனிதருக்கு இதம் தரும் காற்று, கொய்த பூவுக்கு ஆகாது. இதழிலிருந்து நீராவி வெளியேறும்போது தண்டின் நுண்குழாய்களில் நீர் மேலே இழுக்கப்படுகிறது. மின்விசிறிக் காற்றில் இழப்பு கூடும். கொய்த இடத்தில் காற்றுக்குமிழி புகுந்திருந்தால் நீரோட்டம் அறுந்து பூ தொங்கிவிடும். ஆகவே தண்டின் அடியை நீருக்குள் வைத்தே இரண்டு செ.மீ. வெட்டிவிட்டு, நீரில் மூழ்கும் இலைகளை நீக்கிவிட வேண்டும். அழுகினால் பாக்டீரியா பெருகிக் குழாய்களை அடைத்துவிடும்.

சம்பங்கி கீழிருந்து மேலாக மலரும். முந்தைய நாளே அடி மொட்டுகள் விரியத் தொடங்கிய தண்டாக வாங்கி வைத்தால், விருந்து மாலையில் அடிப் பூக்கள் மலர்ந்திருக்கும்.